பதினாலாம் தேதி வந்தவர்கள்

பத்தரைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார் போலீஸ் தனிப்பிரிவு ஏட்டு வெள்ளைப்பாண்டி. இப்போது எட்டு மணி பத்து நிமிஷம். நூலகர் தனுஷ்கோடி அன்றைய தினசரிகளைப் பிரித்து ஒவ்வொரு தாளின் மூலையிலும் நூலகத்தின் வட்ட முத்திரையைக் குத்திக்கொண்டிருந்தார். மைப்பெட்டி, தாள், மைப்பெட்டி, தாள். கை தானாகப் போய்வந்தது. முப்பத்தோரு வருஷமாகக் காலையில் செய்கிற வேலை, அதில் ஒரு சுகம் உண்டு, அதை யாரிடமும் அவர் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், முத்திரை குத்துவதில் என்னய்யா சுகம் என்பார்கள். ஆனால் புதுத் தாளின் மணமும், மேற்கு ஜன்னல் வழியாகத் தெரிகிற மலையின் ஈரமும், இன்னும் ஒருவரும் வந்து உட்காராத பெஞ்சுகளும் சேர்ந்த இந்தக் கால் மணி நேரத்துக்காகவே சம்பளம் இல்லாவிட்டாலும் வந்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றும். இன்றைக்கும் தோன்றியது. அதுதான் ஆச்சரியம். இப்படி ஒரு காலையில், போலீஸ் வரப்போகிறது என்று தெரிந்தும், மணம் மணமாகத்தான் இருந்தது. வெள்ளைப்பாண்டி நேற்று சாயங்காலம் போனில் என்ன சொன்னார்? "அண்ணாச்சி, போன மாச வருகைப் பதிவேட்டை எடுத்து வையுங்க. ஒண்ணுமில்ல, சும்மாதான்." போலீஸ்காரர் சொல்கிற சும்மா ஒருபோதும் சும்மாவாக இருந்ததில்லை. பிறகு அவரே, நெடுநாள் பழக்கம் என்பதால், விஷயத்தையும் சொல்லிவிட்டார். அடுத்த வாரம் மந்திரி ஒருவர் ஊருக்கு வருகிறார். அவர் திரும்பிப் போகமாட்டார் என்று ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கிறது. தினசரியிலிருந்து எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்டிய கடுதாசி. ஒரு துண்டை உரித்துப் பார்த்தால் பின்பக்கம் நூலக முத்திரையில் பாதி, அதற்குள் தேதி பதினாலு. "எவனோ குடிகாரனாத்தான் இருக்கும். ஆனா பாக்காம விட முடியுமா சொல்லுங்க?" விட முடியாதுதான். பதினாலாம் தேதி இரவு தாள்களை அடுக்கும்போது ஒன்றில் ஜன்னல் ஜன்னலாக வெட்டியிருந்ததை அவரே பார்த்திருக்கிறார். யாரோ வேலை விளம்பரத்தை வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தார். வேலை விளம்பரத்துக்கு யார் எழுத்து எழுத்தாக வெட்டுவார்கள்? அன்றைக்கு அதை யோசிக்கவில்லை.

பதிவேடு மேசை மேலேயே இருந்தது. அதைத் திறக்காமலே பதினாலாம் தேதிப் பக்கம் அவருக்குக் கண்ணில் தெரிந்தது. வரிசை எண், பெயர், முகவரி, நேரம், கையொப்பம். நாற்பத்து மூன்று பேர். அதில் பதினோரு பேர் வந்தவர்கள். மீதி முப்பத்திரண்டு பேரும் தனுஷ்கோடி. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரு சுற்றறிக்கை வந்தது, நாளொன்றுக்கு நாற்பது வாசகருக்குக் குறைந்தால் கிளை நூலகம் பகுதி நேர நூலகமாக்கப்படும் என்று. பகுதி நேரம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். முதலில் சாயங்காலம் பூட்டுவார்கள், அப்புறம் நாளிதழை நிறுத்துவார்கள், அப்புறம் ஒருநாள் கட்டடத்தில் ரேஷன் மூட்டையை இறக்குவார்கள். அன்று ராத்திரி அவர் எழுதிய முதல் பொய்க் கையெழுத்து அவருடைய செத்துப்போன மாமனாருடையது. உயிரோடு இருந்தபோது ஒரு எழுத்துப் படிக்காத மனுஷன், செத்து ஒன்பது வருஷம் கழித்துத் தினமும் நூலகத்துக்கு வந்துபோனார். பிறகு தணிக்கைக்குப் பயந்து உறுப்பினர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டார். பட்டியலில் இருப்பவர்கள் உயிரோடு இருப்பவர்கள், ஊர்க்காரர்கள், முகவரி உள்ளவர்கள். பொய்யே ஆனாலும் முகவரி சரியாக இருக்கவேண்டும் என்பது அவருடைய தொழில் நேர்மை. நாலு பேனா வைத்திருந்தார். ஒருவருக்குச் சாய்ந்த எழுத்து, ஒருவருக்கு நடுக்கம், ஒருவருக்கு இனிஷியலுக்குப் பின்னால் இரண்டு புள்ளி. போகப்போக அதில் ஒரு ருசிகூட வந்துவிட்டது, அதை நினைத்தால் இப்போது காது சூடாகிறது. மழை நாளில் கூட்டத்தைக் குறைப்பார். சந்தை நாளில் பக்கத்து ஊர்க்காரர்களைக் கொண்டுவருவார். வராத மனிதர்களை வரவைத்து, வெறும் பெஞ்சில் உட்காரவைத்து, நேரம் போட்டு அனுப்பிவைக்கிற அந்த வேலையில் அவர் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை என்றுதான் நம்பினார். நேற்று சாயங்காலம் வரைக்கும் அது உண்மையாகவும் இருந்தது. இல்லை, அப்போதும் உண்மையாக இருக்கவில்லை. கெடுதல் உள்ளே உட்கார்ந்திருந்தது, ஒருவர் வந்து புத்தகத்தைத் திறக்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சர்வேயர் பிச்சுமணி வந்துவிட்டார். ஓய்வு பெற்ற சர்வேயர், எழுபது வயது, உள்ளே நுழையும்போதே மந்திரிகளைத் திட்டிக்கொண்டு நுழைபவர். "என்னவே, தாள்ல மை காஞ்சுட்டா? இன்னைக்கு எவன் எதைத் திறந்து வச்சிருக்கான்னு பாப்போம், களவாணிப் பயலுவ." பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து பென்சிலையும் அரை பிளேடையும் எடுத்து, குறுக்கெழுத்துக்காகப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். அரை பிளேடு. தனுஷ்கோடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருஷமாக இவர் பிளேடு கொண்டுவருகிறார், பத்து வருஷமாக மந்திரிகளைத் திட்டுகிறார், இதுவரை அந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதாகத் தனுஷ்கோடிக்குத் தோன்றியதே இல்லை. ஒரு ராத்திரியில் தன் கண் எப்படி மாறிவிட்டது என்று நினைத்து அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் கண் மாறுவது தப்பா? மாறாமல் இருந்ததால்தானே உலகத்தில் பல காரியங்கள் நடந்துவிடுகின்றன? அவருடைய மனைவி மங்கையர்க்கரசி, பதினைந்து வருஷத்துக்கு முன்பு, மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலில் வந்தபோது, வழியில் ஒரு ஸ்டேஷனில் போலீஸ்காரர்கள் நாயோடு ஏறினார்கள். எல்லாருடைய மூட்டையையும் அவிழ்க்கச் சொன்னார்கள். ஒருத்தி சண்டை போட்டாளாம், சீர் பலகாரத்தை நாய் மோந்து பார்ப்பதா என்று. மங்கையின் சீட்டிலிருந்து மூன்றாவது சீட்டுக்கு அடியில் ஒரு டிபன் கேரியர் பை. யாருடையது என்று கேட்டால் யாரும் இல்லை. பெட்டியைக் காலி செய்து, பையை மணல் மூட்டைக்கு நடுவில் வைத்தார்கள். அது வெடிகுண்டு என்பதை மறுநாள் தாளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்தத் தாளுக்கும் அவர்தான் முத்திரை குத்தினார். அன்றைக்கு முத்திரை இரண்டாக விழுந்தது. மங்கை வீட்டுக்கு வந்து, ரசஞ்சோறு சாப்பிட்டு, "நல்ல நாய்ங்க அது. ஒரு பிஸ்கட் வாங்கிப் போட்டிருக்கணும், அவசரத்துல மறந்துட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து தனுஷ்கோடி எங்கே போனாலும் கேட்பதற்கு முன்னால் பையைத் திறந்து காட்டுவார். கோயில் வாசலில், கலெக்டர் அலுவலகத்தில், துணிக்கடையில்கூட. பையைத் திறந்தால் என்ன குறைந்துவிடுகிறது? உள்ளே ஒரு துண்டு, சுகர் மாத்திரை, வாழைப்பழம். முணுமுணுப்பவர்களைப் பார்த்தால் அவருக்குக் கோபம்தான் வரும். உனக்கு மறைக்க ஒன்றும் இல்லையென்றால் என்னய்யா? இதை அவர் நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார், இதே பெஞ்சில், சத்தமாக, இத்ரீஸ் உட்கார்ந்திருந்தபோதும்.

அந்தப் பெயரில் வந்து மறுபடியும் முட்டிக்கொண்டது மனசு. முப்பத்திரண்டு பொய்ப் பெயர்களில் முப்பத்தொன்றைப் பற்றி அவர் ராத்திரி முழுக்க ஒரு நிமிஷம்கூடப் பயப்படவில்லை. அரிசிக்கடைச் செல்வநாயகத்தைக் கூப்பிட்டு விசாரித்தால் அவர் சிரித்துவிட்டுப் போவார், பஞ்சாயத்து கிளார்க்கைக் கேட்டால் வெள்ளைப்பாண்டிக்கே டீ வாங்கிக் கொடுப்பார். எண் இருபத்தேழு, முகமது இத்ரீஸ், கீழப் பள்ளிவாசல் தெரு, அங்கே மட்டும்தான் மேலே இருக்கிற யாரோ ஒருவருடைய விரல் நிற்கும். நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று தனுஷ்கோடி தன்னையே கேட்டுக்கொண்டார். அந்த அதிகாரியின் முகம்கூடத் தெரியாது, அவரைப் பற்றி நான் ஏன் இப்படி நினைக்கவேண்டும்? அல்லது நிற்பது அவருடைய விரல் இல்லை, என்னுடையதுதானோ? பஜாரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிற, ஐந்து பிள்ளைகளோடு கஷ்டப்படுகிற ஒரு மனிதர். முன்பெல்லாம் வாரத்துக்கு நாலு நாள் வருவார், கிரீஸ் படிந்த விரல் தாளில் படாமல் கட்டைவிரலின் பக்கவாட்டால் பக்கத்தைத் திருப்புவார், படித்தது பிடித்தால் தனக்குத்தானே 'ம்' என்பார். ரயிலில் அந்தப் பை கிடைத்த மாதம் கீழப் பள்ளிவாசல் தெருவில் வீடு வீடாகப் போய் ஆண்கள் பெயரை எழுதினார்கள். எந்த வீட்டில் யார், எங்கே வேலை, யார் வந்துபோகிறார்கள். வேறு எந்தத் தெருவிலும் எழுதவில்லை. தனுஷ்கோடி அப்போது நல்லதுதானே என்று நினைத்தார், மனைவியும் மகளும் பிழைத்த மயக்கத்தில் இருந்தவர் வேறென்ன நினைப்பார். அதற்கு அடுத்த மாதம் இத்ரீஸ் வருவது நின்றது. வேலை அதிகமாயிருக்கும் என்று எடுத்துக்கொண்டார். பதினைந்து வருஷம் அப்படியே எடுத்துக்கொண்டார். ஒரு மனிதர் தன் பெயரை எங்கேயும் எழுதாமல் இருக்கவேண்டும் என்றே வராமல் இருந்திருக்கலாம். அவர் பெயரைத்தான் நான் வாரத்துக்கு நாலு நாள் எழுதியிருக்கிறேன். ஒருவேளை அவர் வரவேண்டும் என்ற ஆசையில்தான் எழுதினேனோ? அப்படிச் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கிறது. ஆசையாவது, கூட்டல் நாற்பதைத் தாண்டவேண்டும், அவ்வளவுதான். ஒன்பதே முக்கால். பக்கத்தைக் கிழித்துவிடலாமா? கிழித்தால் கிழித்தவன்தான் கடுதாசி எழுதினவன். இருபத்தேழை மட்டும் மை கொட்டி அழித்துவிடலாமா? அதைவிட வினை வேறு வேண்டியதில்லை. அழித்த பெயரைத்தான் விளக்கடியில் வைத்துப் பார்ப்பார்கள். பேசாமல் கொடுத்துவிட்டால்? இரண்டு பேர் போவார்கள், அன்றைக்கு எங்கே இருந்தாய் என்பார்கள், கடையில் என்பார், அப்படியானால் கையெழுத்து யாருடையது என்பார்கள், என்னுடையது இல்லை என்பார், எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்பார்கள். இதுவரைக்கும் மனசுக்குள் படம் ஒழுங்காக ஓடியது. இதற்கு அப்பால் அவரால் ஓட்டிப் பார்க்க முடியவில்லை. என் பையை நான் திறந்து காட்டுவது வேறு. அடுத்தவர் தோளில் ஒரு பையை மாட்டிவிட்டு அதை நானே திறந்து காட்டுவது வேறு. இந்த இரண்டையும் இத்தனை நாள் ஒன்றென்று நினைத்திருந்தேனே. ஆனாலும் நாய் நல்ல நாய்தான், அதையும் மறுக்க முடியவில்லை. இரண்டும் ஒரே மண்டைக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வாசகர்கள் மாதிரி, ஒன்றோடொன்று பேசாமல். விசிறி சுற்றியது. பிச்சுமணி குறுக்கெழுத்தில் எதையோ கண்டுபிடித்து மேசையைத் தட்டினார். எல்லாவற்றுக்கும் நடுவே தனக்கு லேசாகப் பசிப்பதைத் தனுஷ்கோடி கவனித்தார், முடிவு தனக்குத் தெரியாமலே எடுத்தாகிவிட்டது என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"என்ன அண்ணாச்சி, முகம் ஒரு மாதிரி இருக்கு? மாத்திரை போட்டீங்களா?" வெள்ளைப்பாண்டி மப்டியில்தான் வருவார், மப்டியில் வந்தாலும் அவர் செருப்புச் சத்தம் போலீஸ் சத்தமாகத்தான் இருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு, பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, பக்கத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "அடேயப்பா, நாப்பத்தி மூணா! நம்ம ஊர்ல இம்புட்டுப் படிப்பாளிங்களா? நான் வாரப்ப நாலு தலைக்கு மேல பாத்ததில்லையே."

"நீங்க பாத்ததுதான் சரி ஏட்டையா. இதுல முப்பத்திரண்டு பேரு வரல. நான் எழுதினது."

"நீங்களா? எதுக்கு?"

"நாப்பது பேரு வரலன்னா பூட்டிருவாங்க. அதுக்கு."

வெள்ளைப்பாண்டி சத்தமில்லாமல் குலுங்கினார், சிரிக்கிறாரா என்று சந்தேகம் வரும்படி. பிறகு பிச்சுமணி பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது அண்ணாச்சி. நான் பேசாம அத்தனை பேரையும் டைப் அடிச்சு மேல அனுப்பியிருப்பேன். உங்க பாட்டுக்கு நீங்க இருந்திருக்கலாம்."

"அனுப்பிருவீங்கன்னுதான் சொல்லுதேன்."

"எழுதித் தரணும். மெமோ வரும். ரிட்டயர் ஆக மூணு வருஷம்தானே இருக்கு உங்களுக்கு?"

"தாரேன்." ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தாளை அவர் நீட்டினார். எப்போது எழுதினோம் என்று யோசித்தார். ஒன்பதே முக்காலுக்கும் பத்தரைக்கும் நடுவில்தான். முப்பத்திரண்டு பெயர்களும் வரிசையாக, கீழே ஒரே ஒரு கையெழுத்து. சாய்வு இல்லை, நடுக்கம் இல்லை. சொந்தக் கையெழுத்து அவ்வளவு சாதாரணமாக இருப்பதைப் பார்த்து அவருக்கு ஏனோ நிம்மதியாக இருந்தது.

"சரி. அப்ப மிச்சம் பதினோரு பேரு. என் வேலையைச் சுருக்கிட்டீங்க." ஏட்டு சந்தோஷமாகத்தான் சொன்னார். தனுஷ்கோடிக்குச் சுருக்கென்றது. முப்பத்திரண்டு பேரை வெளியே விட்டதில் பதினோரு பேர் நட்டநடுவில் நிற்பார்கள் என்பதை அவர் யோசிக்கவே இல்லை. ஏட்டின் விரல் பட்டியலில் இறங்கி, நாலாவது பெயரில் நின்றது. "வெ. வெள்ளைப்பாண்டி, காவலர் குடியிருப்பு... அட சண்டாளா, நானா?"

"அன்னைக்கு அரை மணி நேரம் ராசிபலன் பாத்தீங்க."

"அதை வேற யாருகிட்டயும் சொல்லிராதீங்க." இந்தத் தடவை வாய்விட்டே சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது மேசைமேல் கொஞ்சம் குனிந்தார். "மிச்சம் பத்து. உங்களுக்குத் தெரியாத ஆளு இல்ல. யாரு என்ன படிக்காங்க, யாரு என்ன பேசுதாங்க, கத்தி பிளேடு வச்சிருக்கது யாரு, சும்மா வாய்வழியா சொல்லுங்க போதும். எழுத்துல வராது."

பிச்சுமணி இரண்டு மேசை தள்ளி, காது மந்தம், பென்சில் நுனியை நாக்கில் நனைத்துக்கொண்டிருந்தார். அவர்தானா? இருக்காது. இருக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அதுதான் உண்மை, தெரியாது. ஒரு வார்த்தை போதும், இந்த எழுபது வயசு மனிதரை நாளைக்கு ஜீப்பில் ஏற்றுவதற்கு. ஒரு வார்த்தை போதும், ஒருவேளை, அடுத்த வாரம் மேடையில் ஏதோ ஒன்று நடக்காமல் இருப்பதற்கும். "பதிவேட்டுல இருக்கதைக் கொண்டு போங்க ஏட்டையா. அது அரசாங்கத்தோடது. இல்லாததை என்கிட்ட கேக்காதீங்க."

"நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

"அவ்வளவுதானா?"

"கூட்டத்துக்கு வாரவன் பையெல்லாம் பாருங்க. முதல்ல என் பையைப் பாருங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். பேப்பர் படிக்கையில ஒருத்தன் என்ன முனங்குதான்னு நான் சொல்ல ஆரம்பிச்சா, அப்புறம் இங்க ஒருத்தனும் வாயைத் திறக்கமாட்டான். நீங்க ராசிபலன் பாக்கக்கூட யோசிப்பீங்க."

வெள்ளைப்பாண்டி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கோபமா என்று தெரியவில்லை. பதிவேட்டையும் தாளையும் பையில் போட்டுக்கொண்டு, "அண்ணாச்சி நீங்க லேசுப்பட்ட ஆளு இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது பாராட்டா எச்சரிக்கையா என்பதைத் தனுஷ்கோடி பதினொன்று வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது.

பதினொன்றுக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை, பஜாருக்கு நடந்தார். வெயில் உறைக்கவில்லை. மெமோ வரும், விளக்கம் எழுதவேண்டும், சாயங்காலம் பூட்டினாலும் பூட்டுவார்கள், மங்கையிடம் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தும் கால் லேசாகத்தான் நடந்தது. இத்ரீஸ் ஒரு மோட்டாரின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. "வாங்க சார், என்ன இந்தப் பக்கம்? மோட்டார் ஏதும் எரிஞ்சு போச்சா?" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். தனுஷ்கோடி நின்றபடியே சொன்னார். உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரை எழுதினேன், இன்றைக்குப் போலீஸ் அந்தப் பதிவேட்டைக் கொண்டுபோய்விட்டது, வரவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், உங்களுக்கு ஒன்றும் வராது. "மன்னிச்சிருங்க பாய்" என்று முடித்தார், அந்த வார்த்தையைக் கடைசியாக எப்போது யாரிடம் சொன்னோம் என்று நினைவில்லை.

கம்பி சுற்றிய கை நின்றுவிட்டது. "எந்தத் தேதி சார்?"

"அதுதான் எழுதிக் குடுத்துட்டேனே."

"அதெல்லாம் சரி. தேதி என்ன?"

"பதினாலு."

இத்ரீஸ் எழுந்து சுவரிலிருந்த காலண்டரை ஆணியோடு இழுத்து மேசையில் போட்டு, போன மாதத் தாளைப் புரட்டினார். "பதினாலு என்ன கிழமை... வெள்ளி. அல்ஹம்துலில்லாஹ். வெள்ளின்னா நல்லது சார், ஜும்மா தொழுகையில இருநூறு பேரு பாத்திருப்பாங்க. காலையில? காலையில எங்க இருந்தேன்?" உள்ளே பார்த்து, "ஏளா, போன மாசம் பதினாலு காலையில நான் எங்க போனேன்?" என்றார். சாப்பாடு கொண்டுவந்திருந்த அவர் மனைவியின் குரல் உள்ளேயிருந்து, "அடவிநயினார் டேம் பக்கம் யாரு தோப்புக்கோ மோட்டார் மாட்டப் போனீங்களே" என்றது. "ஆங், ரசீது இருக்கும்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தனுஷ்கோடி அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். பதினைந்து வருஷமாக இந்த மனிதர் இப்படித்தான் தன் நாட்களை அடுக்கி வைத்திருக்கிறாரா? தன்னிடம் யாராவது பதினாலாம் தேதி காலையில் எங்கே இருந்தாய் என்று கேட்டிருந்தால் யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்று சிரித்திருப்பார். அந்தச் சிரிப்பு தனக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்திருக்கிறது.

டீ வந்தது. இத்ரீஸ் டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, மெல்ல முகம் தளர்ந்து, கண்ணில் பழைய குறும்பு ஏறக் கேட்டார்: "ஆமா, அன்னைக்கு வந்து என்ன படிச்சேன்?"

"அதை எழுதறதில்ல பாய்."

"அதுவரைக்கும் தப்பிச்சேன்." தொடையில் தட்டிச் சிரித்தார். தனுஷ்கோடியும் சிரித்தார், டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது, அதற்கும் சிரித்தார்கள். "போகாமலே போலீஸ் வரைக்கும் போயிட்டேன் பாத்தீங்களா. இனி என்ன இருக்கு? நாளைக்கு நெசமாவே வாரேன் சார். வந்தா என்னதான் ஆவுதுன்னு பாத்துருவோம்."

"வாங்க" என்றார் தனுஷ்கோடி. டீ நன்றாக இருந்தது, இஞ்சி தட்டிப் போட்டது. தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். இத்ரீஸ் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், அவருடைய ஆள்காட்டி விரல் மட்டும், அவருக்கே தெரியாமல், காலண்டரில் பதினாலின் மேல் அழுத்தியபடி இருந்தது.